கடின நீரும் வீட்டு வழிகளும்

சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை என்னும் முறையீடு பல சிற்றூர்களில் எழுவதை நாம் கேட்கிறோம். மழைநீர் மண்ணிலும் பாறையிலும் ஊறிச் செல்லுகையில் கால்சியம், மக்னீசிய உப்புகளைக் கரைத்துக்கொள்வதே இதற்குக் காரணமாகும். இவ்வுப்புகள் சோப்புடன் சேர்ந்து திரிந்த பின்னரே நுரை எழும். அதுவரை கரையும் சோப்பு வீணே.

கடினத்தன்மை இருவகைப்படும். பைகார்பனேட் உப்புகளால் வருவது தற்காலிகமானது. நீரைக் கொதிக்கவைத்தால் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். சல்பேட், குளோரைடு உப்புகளால் வருவது நிரந்தரமானது. கொதிக்கவைப்பதால் விறகுதான் செலவாகும்.

எவ்வகை என்பதை வீட்டிலேயே அறியலாம். ஒரே அளவுள்ள மூன்று புட்டிகளில் முறையே மழைநீர், கிணற்று நீர், கொதித்து ஆறித் தெளிந்த கிணற்று நீர் ஆகியவற்றைச் சம அளவில் ஊற்றுக. ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலைப் பத்துத் துளி விட்டுக் குலுக்குக. மூன்றாவது புட்டி மழைநீரைப்போல் நுரைத்தால் கடினம் தற்காலிகமானது. இரண்டாவதைப்போலவே இருந்தால் நிரந்தரமானது. இடைப்பட்டதாயின் இரண்டும் கலந்தது.

துவைக்கும் நீரில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து, படிவு இறங்கியதும் தெளிவை இறுத்துக்கொண்டால் இருவகைக் கடினமும் குறையும். இந்நீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் உதவாது. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கடினத்தைப் போக்காது. பாத்திரத்தில் படிந்த வெண்படிவு புளிக்கரைசலில் ஊறினால் இளகும்.

குடிநீரில் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று. வேறு நீர் கிட்டாவிடில் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால், முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் சில நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்துள்ளது. அது பற்களையும் எலும்புகளையும் கெடுக்கும். நாவிலும் சோப்பிலும் அது புலப்படாது. கொதிக்கவைத்தாலும் நீங்காது, நீர் வற்றுவதால் செறிவே கூடும். எனவே, ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் எந்த ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீரென ஊராட்சி ஏற்றல் தகாது.

செலவின்றிக் கிட்டும் மென்னீர் மழைநீரே. 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழுகிறது. சேதாரம் போக ஏறத்தாழ 800 லிட்டரைச் சேமிக்கலாம். முதல் மழையை விலக்கி, பின்வருவதை மூடிய தொட்டியில் தேக்குதல் வேண்டும். துவைப்பதற்கும் பருப்பு வேகவைப்பதற்கும் அது உகந்தது.

ஊராட்சி உறுப்பினர்கள் புட்டிச் சோதனையை அடுத்த கிராம சபையில் மக்கள் முன்னிலையில் செய்துகாட்டவும், குடிநீர் ஆதாரம் ஒவ்வொன்றின் மாதிரியையும் ஆய்வுக்கு அனுப்பி, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவைக்கவும் வேண்டுகிறோம்.