எட்டு மாற்றங்களை எப்படிச் செலவழிப்பது?

டீ ஆறுவதற்குள் ரக்பி லீக்கின் பெஞ்ச் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டியையே எடுத்துக்கொள்வோம். களத்தில் 13 பேர், ஆட்டம் 80 நிமிடம், பெஞ்சிலிருந்து நான்கு பேரை இறக்கலாம். வெளியே போனவர் திரும்பவும் உள்ளே வரலாம். ஆனால் மொத்தம் 8 முறைதான் ஆள் மாற்ற முடியும். ஒரு காலத்தில் இதற்கு வரம்பே இல்லை. பிறகு 12 ஆனது, 2008இல் 10, 2016 முதல் 8.

விங்கரும் ஃபுல்பேக்கும் பெரும்பாலும் முழு ஆட்டமும் நிற்பார்கள். நாக்குத் தள்ளுவது நடுவில் நிற்கும் மூவருக்குத்தான்: இரண்டு ப்ராப், ஒரு லாக். பந்தோடு வருகிறவர் இவர்கள்மேல்தான் வந்து மோதுவார். அவரை வீழ்த்தி, எழுந்து, 10 மீட்டர் பின்னால் ஓடி, உடனே மறுபடி முன்னால் பாய வேண்டும். 2020இல் 'சிக்ஸ் அகெய்ன்' விதி வந்தபின் சில தவறுகளுக்கு நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. பந்து வைத்திருக்கும் அணிக்குரிய ஆறு டேக்கிள் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுகிறார். மூச்சு வாங்கக் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரமும் போச்சு.

இப்போது ஒரு மாதிரித் திட்டம். 25ஆம் நிமிடத்தில் ப்ராப்கள் இருவரும் வெளியே: 2 மாற்றம். 55இல் அவர்களே திரும்பினால் இன்னும் 2. லாக் ஒருமுறை போய்வர 2. கடைசி அரை மணிக்குப் புது ஹூக்கர்: 1. ஆக 7. மிச்சம் ஒன்றே ஒன்று. தலையில் அடிபட்டவரைப் பரிசோதனைக்கு அனுப்பும் மாற்றம் எட்டில் சேராது, தசைப்பிடிப்பு சேரும். அந்த ஒன்றை எழுபதாவது நிமிடம்வரை தொடாமல் வைத்திருக்கும் கோச்சைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடும்.

அதென்ன 25? எல்லாம் இடைவேளையை வைத்துத்தான். 25இல் இறங்கும் ப்ராப் 15 நிமிடம் மோதிவிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து, இன்னொரு 15 நிமிடம் ஆடுகிறார். வெளியே போனவருக்கோ ஆட்டக் கணக்கில் 30 நிமிட ஓய்வு, கடிகாரத்தில் 40. கூடுதல் மாற்றம் எதுவும் செலவாகாமல் இருவருமே இளைப்பாறிவிடுகிறார்கள். வேகப்பந்து வீச்சாளரை முதல் ஸ்பெல்லோடு நிறுத்தி, டெத் ஓவர்களுக்கு வைத்துக்கொள்கிறாரே கேப்டன், அதே யோசனை.

பெஞ்ச் என்றால் இரண்டாந்தர ஆட்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பை வென்ற பென்ரித் அணியில், 2022, 2023 இறுதியாட்டங்களை மோசஸ் லியோட்டாவும் ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸும் தொடங்க, ஸ்பென்சர் லெனியு பெஞ்சிலிருந்துதான் வந்தார். களைத்த எதிராளிமேல் புது உடம்போடு போய் விழுவதே அவருக்குக் கொடுத்த வேலை. மெல்போர்ன் ஸ்டார்முக்கு வேறொரு வசதி இருந்தது. ஹூக்கர் கேமரன் ஸ்மித் வழக்கமாக 80 நிமிடமும் ஆடிவிடுவார்; பெஞ்சில் இன்னொரு ஹூக்கரை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், அந்த இடத்தை ஒரு ஃபார்வர்டுக்குக் கொடுக்க முடிந்தது.

திட்டத்தில் 25 என்று எழுதிவிட்டோம் என்பதற்காக அந்த நொடியிலேயே கூப்பிடவும் கூடாது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றலாம்தான். ஆனால் பந்து எதிரணியிடம் இருக்கையில் ப்ராப் நடையைக் கட்டினால், புதியவர் வந்து நிற்பதற்குள் நடுவில் ஓட்டை விழும். பந்து நம் கைக்கு வரும்வரை இரண்டு நிமிடம் பொறுக்கலாம்.