மாமனார் ராத்திரியில் ஏன் எழுந்திருக்கிறார்?

ராத்திரியில் நாலு தரம் எழுந்து பாத்ரூம் போகிறார். போனால் வெகு நேரம் நிற்கிறார். கேட்டால், "வயசாச்சும்மா, அப்படித்தான்" என்கிறார். பல வீடுகளில் இது பழகிப்போன பேச்சு. சர்க்கரை வியாதியாலும் இப்படி வரலாம். ஆனால் சிறுநீர் வர நேரமாவது, மெல்லிசாக விட்டுவிட்டு வருவது, போன பிறகும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு எல்லாம் சேர்ந்திருந்தால், புராஸ்டேட் வீக்கமா என்று பார்க்க வேண்டும்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. வாலிபத்தில் சுமார் 20 கிராம்தான். வயது ஏற ஏறப் பெருத்து, குழாயை நெருக்குகிறது. இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள, டாக்டர் கையால் பரிசோதித்து, பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இங்கிலாந்து மன்னர் சார்லஸே, தமக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குச் சிகிச்சை நடக்கப் போவதாக 2024 ஜனவரியில் உலகறியச் சொல்லவில்லையா?

கை வைத்தியம் உதவுமா?

நம் பக்கத்தில் நெருஞ்சி முள் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்பார்கள். இவை சிறுநீரைப் பெருக்கக் கொடுப்பவை. வாய்க்கால் அடைத்திருக்கும்போது மதகைத் திறந்தால் என்னாகும்? அதனால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மேல்நாட்டில் பெயர் பெற்ற மூலிகை 'சா பால்மெட்டோ' என்ற பனை வகையின் பழம். 2006-ல் அமெரிக்காவில் 225 பேருக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

பலன் தருபவை எளியவைதான். பகலில் வழக்கம்போல் தண்ணீர் குடிக்கட்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைக்கட்டும். சாயந்திரக் காபியை நிறுத்தலாம். மலச்சிக்கல் வராமல் கீரையும் காயும் போடுங்கள்.

டாக்டர் வைத்தியம்

தொந்தரவு குறைவென்றால் சும்மா கவனித்து வந்தாலே போதும். டாம்சுலோசின் மாத்திரை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே சுகம் தெரியும். எழுந்திருக்கும்போது தலை சுற்றலாம், நிதானமாக எழச் சொல்லுங்கள். ஃபினாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும். முழுப் பலனுக்கு ஆறு மாதமாவது ஆகும். உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

சிறுநீர் அடிக்கடி அடைத்துக்கொண்டாலோ, கல் உண்டானாலோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ ஆபரேஷன்தான் வழி. வயிற்றைக் கிழிப்பதில்லை, பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். லேசர் முறையும் உண்டு. எங்கள் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஜிப்மரில் இதற்கென்று யூராலஜி பிரிவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஜலதோஷம் என்றதும் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது நாம்தானே? மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் தரும் சில மாத்திரைகள், இந்த வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடியோடு நிறுத்திவிடும். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி வாங்குங்கள். அடிவயிறு உப்பி, ஒரு சொட்டும் வராமல் துடித்தால், கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றினால்தான் வலி தணியும்.