திரும்பி வருகிறவருக்கு வாசல் திறந்திருக்கிறதா?



பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன நகோமி, ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பின் பெத்லகேமுக்குத் திரும்பி வந்ததை நாம் அநேகமுறை வாசித்திருக்கிறோம். அவளுடைய கண்ணீரைக் குறித்துப் பிரசங்கங்களும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு காரியத்தை எளிதில் கவனியாமல் விட்டுவிடுகிறோம். திரும்பி வந்த அந்த விதவைக்கு அவளுடைய சொந்த நாட்டின் சட்டத்திலேயே இரண்டு உரிமைகள் இருந்தன. அறுவடை நிலத்தில் சிந்திக் கிடக்கும் கதிர் எளியவருக்கும் அந்நியருக்கும் உரியது. கைவிட்டுப்போகும் நிலத்தை மீட்கும் கடமை நெருங்கிய உறவினரைச் சேர்ந்தது. இவ்விரண்டில் ஒன்றும் தானாக அவள் வீடு தேடி வரவில்லை. கதிர் பொறுக்க ரூத் வயலுக்குப் போகவேண்டியிருந்தது. நிலத்தை மீட்க, போவாஸ் ஊர் வாசலில் பத்து மூப்பருக்கு முன்பாக உட்காரவேண்டியிருந்தது.

நம்முடைய சபைகளிலும் இன்று நகோமிகள் இருக்கிறார்கள். துபாயிலும் ரியாத்திலும் தோகாவிலும் உழைத்துவிட்டு, நோயோடும் வெறுங்கையோடும் திரும்பி வருகிற சகோதரர்களைப் பற்றியே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு சகோதரரின் அனுபவம்

மும்பையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் துபாயில் 19 ஆண்டுகள் எலக்ட்ரீஷியனாக வேலை செய்தார். பிறந்தது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். மனைவியும் பிள்ளைகளும் தாராவியில். 2024ஆம் ஆண்டின் இறுதியில் சிறுநீரகம் பழுதடைந்து திரும்பி வந்தார். வந்தவர் எவரிடமும் சொல்லவில்லை. "வெளிநாட்டில் இருந்தவன் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை நீட்டுகிறான் என்று சொல்வார்களே" என்று கூச்சம். வாரம் மூன்று முறை தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ். மூன்று மாதத்தில் மனைவியின் நகைகள் போயின. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணமும் போயிற்று. அதன்பின்புதான் அந்தச் சகோதரி என்னிடம் வந்து அழுதார்.

ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் கொடுத்த காணிக்கையை நாங்கள் நன்றியோடு பெற்றுக்கொண்டோம். ஆனால், "தம்பி, நாளை நீங்கள் திரும்பி வந்தால் உங்கள் வைத்தியத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று ஒருமுறையாவது நான் கேட்டதில்லை.

உதவிக்கு வழி இருந்தது. மகாராஷ்டிராவின் மகாத்மா ஜோதிராவ் புலே ஆரோக்கியத் திட்டம் 2024ஆம் ஆண்டு முதல் அம்மாநிலக் குடும்ப அட்டைதாரர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. டயாலிசிஸும் அதில் அடக்கம். ஆனால் மனைவியின் மும்பை அட்டையில் கணவரின் பெயர் இல்லை. அவருடைய ஆதார் எண்ணோ கிராமத்தில் தாயாரின் குடும்ப அட்டையோடு இணைந்திருந்தது. ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. கிராமத்து அட்டையில் பெயரை நீக்கிச் சான்று பெற்று, அதன்பின் மும்பை அட்டையில் சேர்க்கவேண்டியிருந்தது. நோயாளியால் அலைய முடியாது. சபை வாலிபர் ஒருவர் அவருக்காக அலைந்தார். அதுவரை மாநகராட்சி மருத்துவமனையே அவரைத் தாங்கியது.

குடிமகன் என்பது மட்டும் போதுமா?

சிந்தித்துப் பாருங்கள். அவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. அவருடைய குடியுரிமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆயினும் நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவ உதவித் திட்டங்கள் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள், எந்தக் குடும்ப அட்டையில் பெயர் உள்ளது, வருமானம் எவ்வளவு என்பவற்றையே கேட்கின்றன. கிராமத்திலிருந்து பட்டணத்துக்கும், பட்டணத்திலிருந்து பாலைவனத்துக்கும் போனவர் இருமுறை புலம்பெயர்ந்தவர். அவருடைய பெயர் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

"ஒரே நாடு ஒரே ரேஷன் வந்துவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2022ஆம் ஆண்டுக்குள் அது எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தானியத்துக்கு மட்டுமே உரியது. அட்டையை ஆதாரமாகக் கொண்ட மாநிலக் காப்பீடு அதோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை.

வளைகுடா நாடுகள் தரும் என்று எதிர்பார்க்கவும் அதிகம் இல்லை. ஜெர்மனி, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளோடு இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துள்ளது. வளைகுடாவின் ஆறு நாடுகளோடு அப்படி ஒன்று இல்லை. அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் நம்மவருக்கு ஓய்வூதியம் கிடையாது. வேலை முடியும்போது தரப்படும் பணிக்கொடை மட்டுமே. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் சட்டப்படி உண்டு. கணக்கு முடிக்காமல் விமானம் ஏறிவிட்டால் இங்கிருந்து அதைப் பெறுவது மிகக் கடினம்.

எந்த வாசல் யாருக்கு?

அரசு, மாநகராட்சி மருத்துவமனைகள் எவருக்கும் திறந்திருக்கின்றன. காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

2018ஆம் ஆண்டு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. இது பெயர்ப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே உங்கள் குடும்பம் பட்டியலில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி இது விரிவாக்கப்பட்டுள்ளது. வயதையும் வசிப்பிடத்தையும் காட்ட ஆதார் போதும். முதிர்ந்த பெற்றோர் வீட்டில் இருந்தால் இன்றே பதிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டிலேயே குடியேறத் திரும்புகிறவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாடலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேவை.

திரும்பியபின் இங்கே வேலைக்குச் செல்வோர் கவனியுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல், நிறுவனம் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கு உட்பட்டதாயிருந்தால், வேலையில் சேர்ந்த நாள் முதல் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ உதவி உண்டு. சம்பளம் சற்றுக் குறைவென்று அப்படிப்பட்ட வேலையைத் தள்ளிவிடாதீர்கள்.

அங்கே இருக்கும்போதே செய்யவேண்டியவை

முதலாவது, இனி எங்கே குடியிருக்கப் போகிறோம் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து தீர்மானியுங்கள். அந்த ஊர் அட்டையில் உங்கள் பெயரைச் சேர்க்க என்னென்ன சான்று வேண்டுமென்று அடுத்த விடுமுறையிலேயே விசாரியுங்கள். ஆதார் இல்லாதவர்கள், இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், ஊர் வந்தவுடனே விண்ணப்பிக்கலாம். 182 நாள் காத்திருக்க வேண்டிய நிபந்தனை 2019ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

இரண்டாவது, இயன்றவர்கள் திரும்புவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பாகவே இந்தியாவில் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்காக நிறுவனங்கள் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் செய்யலாம். அந்தக் காலம் நீங்கள் அங்கே உழைக்கும்போதே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பக் காப்பீட்டுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. வரியும் இல்லை. ஆனால் உள்ள நோயை மறைக்காதீர்கள். பொய்யின்மேல் கட்டிய காப்பீடு, தேவையான நாளில் இடிந்துவிழும்.

மூன்றாவது, அங்கே பார்த்த வைத்தியத்தின் அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கொண்டுவாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாமல் குடியேற்ற அனுமதி பெற்றுச் சென்றவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயக் காப்பீடாகும். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் அதில் உண்டு. பல வீடுகளில் அந்தத் தாள் எங்கே இருக்கிறதென்றே மனைவிக்குத் தெரிவதில்லை.

விசுவாசக் குறைவா?

"ஜெபிக்கிற நாம் காப்பீடு எடுக்கலாமா? அரசாங்க உதவிக்குக் கை நீட்டலாமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். கதிர் பொறுக்கப் போன ரூத் விசுவாசத்தில் குறைந்தவள் அல்ல. அது பிச்சையும் அல்ல. சட்டம் அவளுக்கென்று ஒதுக்கிய பங்கு. சவுக்கால் அடிக்கக் கட்டியபோது தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேட்ட பவுலும் வெட்கப்படவில்லை. ஜெபத்தை விடவேண்டாம், விண்ணப்பத்தையும் விடவேண்டாம்.

சபை மூப்பர்களுக்கும் வாலிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு மேசை போடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இருவர் அங்கே உட்காரட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் குடும்பங்களை அழைத்து, அட்டையில் யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். போவாஸ் ஊர் வாசலில் உட்கார்ந்தது ஒரு காலை நேரம் மட்டுமே. அதனால் ஒரு குடும்பம் பிழைத்தது.

நம் சகோதரர் இன்றும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். இப்போது அதற்குப் பணம் கட்டுவதில்லை. மகளின் படிப்பு ஓராண்டு தடைப்பட்டு, பின் தொடர்ந்தது. சான்றுகளை ஓராண்டு முன்பே சரி செய்திருந்தால் அந்த ஓராண்டும் வீணாகியிராது. அந்த நகைகளும் வீட்டிலேயே இருந்திருக்கும்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இன்று கடலுக்கு அப்பால் உழைத்துக்கொண்டிருக்கிறார்களா? இன்றிரவு அவர் தொலைபேசியில் பேசும்போது, பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன், அவருடைய உடல்நலத்தைக் கேளுங்கள். அதோடு, குடும்ப அட்டையை எடுத்து அவர் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.