ஆயிரம் லிட்டர் தாமிரபரணி ரூ.37.50! மீதி பாக்கி யார் தலையில்?

நெல்லை –
ஒரு கலர் என்ன விலை என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர் பட்டென்று சொல்வார். ஆற்றுத் தண்ணீர் என்ன விலை என்று கேட்டால்? திருதிருவென்று முழிப்பார். நெல்லைச் சீமையில் இந்தக் கேள்வி கோர்ட்டு படி ஏறிய கதை தெரியுமா?

சித்தாறு வந்து தாமிரபரணியில் விழும் இடம் சீவலப்பேரி முக்கூடல். அதே சித்தாற்றங்கரையில் மேலே இருப்பது கங்கைகொண்டான். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை. அங்குள்ள கோக், பெப்சி ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தரக் கூடாது என்று பொதுநல வழக்கு. 2016 நவம்பரில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது.

533 லிட்டர்!

அப்போது பேசப்பட்ட விலை 1,000 லிட்டருக்கு ரூ.37.50. அதாவது லிட்டர் மூணே முக்கால் பைசா! கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அன்று 20 ரூபாய். அந்தக் காசுக்கு ஆற்றில் 533 லிட்டர்!

சுத்தம் செய்ய, பாட்டில் வாங்க, லாரி வாடகை கொடுக்க, கடைக்காரர் கமிஷனுக்கு எல்லாம் செலவு உண்டுதான். ஆனால் ஆற்றுக்குச் சேர்ந்தது என்ன?

உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்றது அரசுத் தரப்பு. 2017 மார்ச் 2-ந் தேதி வழக்கு தள்ளுபடி. அதற்கு முதல் நாள்தான் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று கிளம்பியிருந்தன. மழை பொய்த்து, அந்த ஜனவரியில் தமிழகம் முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்திருந்த நேரம் அது!

தக்காளிக்குத் தெரியும்...

மார்க்கெட்டுக்குத் தக்காளி லாரி வரவில்லை என்றால் விலை எகிறும். ஒரு கிலோ வாங்குகிறவர் கால் கிலோவோடு நிறுத்துவார். தட்டுப்பாடு இருக்கிறது என்று விலையே சொல்லிவிடுகிறது. ஆற்றுத் தண்ணீருக்கோ வெள்ளத்திலும் அதே விலை, வறட்சியிலும் அதே விலை என்றால் எவன் சிக்கனம் பிடிப்பான்?

இன்னொரு சங்கதி. தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவது ஸ்ரீவைகுண்டம் கடைமடை விவசாயி. அவர் பிசானம் கருகிய நஷ்டம் எந்த பில்லிலும் ஏறுவதில்லை. பொருளாதாரக்காரர்கள் இதைப் புறச்செலவு என்கிறார்கள். லாபம் ஒருவருக்கு, செலவு ஊருக்கு!

மணலும் அப்படித்தான். தோண்டுகிற கூலியும் லாரி வாடகையும் விலையில் இருக்கும். ஆற்றோரக் கிணறு வற்றுகிற செலவு இருக்காது. தாமிரபரணி மணலுக்காகப் பெரியவர் நல்லகண்ணு தானே கோர்ட்டில் நின்று வாதாடினார். 2010-ல் ஐந்து வருடத் தடை வந்தது.

கெடுத்தவனே கொடு!

பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் நாசமாக்கிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்ன நீதி இது: கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும், நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவும் அவன் தலையில்தான்.

அதற்காகக் குடத்தோடு வரும் ஏழைத் தாய்மாரிடம் விலை கேட்க முடியுமா? கூடாது. குடிக்கிற தண்ணீர் முதலில், சல்லிசாக. அடுத்து பயிர். ஆலைக்கு அதன் பிறகு. ஆறு மெலிந்த மாதத்தில் விலை ஏறட்டும். வருகிற பணம் ஆற்றில் விழும் சாக்கடையைத் தடுக்கப் போகட்டும்.

பற்று எழுதாமல் சரக்குக் கொடுத்தால் எந்தக் கடையும் தேறாது. தாமிரபரணிக் கடையில் இத்தனை வருடமாக நோட்டே போடவில்லையே!