நாய்க்குட்டிக்கு முதல் பத்து இரவுகள்

தை, மாசி மாதங்கள் நம் கிராமங்களில் நாய்க்குட்டிகள் கைமாறும் காலம். நாட்டு நாய்களில் பெரும்பாலானவை மழைக்காலத்தை ஒட்டி இணை சேருகின்றன. பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாட்களில் குட்டி போடும். கார்த்திகை, மார்கழியில் பிறந்த குட்டிகள் தை, மாசியில் துள்ளி ஓடும் பருவத்தை அடைகின்றன. நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறது, பட்டியில் ஆடு காணாமல் போகிறது, கிணற்றடியில் மோட்டார் ஒயரை அறுத்துச் சென்றுவிடுகிறார்கள் என்று கவலைப்படும் சிறு விவசாயி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு குட்டியை உரச்சாக்கில் போட்டு எடுத்து வருவது இந்தச் சமயத்தில்தான்.

சாயங்காலம் குட்டி வந்து சேருகிறது. ஒரு கொட்டாங்குச்சி பால் வைத்து, மோட்டார் கொட்டகைத் தூணில் கயிற்றால் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இரவு முழுவதும் குட்டி கத்துகிறது. இரண்டாம் நாள் இரவும் கத்தினால் ஒரு அடி. மூன்றாம் நாள் ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றுவது. நான்காம் நாள் கழிச்சல் கண்டு குட்டி சுருண்டு படுத்துவிட்டால், ராசியில்லாத குட்டி என்று சொல்லிவிட்டு வேறு குட்டி தேடுகிறார்கள். இதில் ராசிக்கு வேலையே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மானாவாரிப் பகுதிக் கிராமம் ஒன்றில் நிலக்கடலை வயலைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பன்றி உழுது போட்டிருந்த பாத்திகளைக் காட்டிய விவசாயியிடம், காவலுக்கு நாய் இல்லையா என்று கேட்டேன். நன்றாக வளர்ந்த கடுவன் நாய் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் இருட்டில் டார்ச் வெளிச்சத்தைக் கண்டால் அது வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு வரப்போரம் ஓடிவிடுமாம். விசாரித்ததில், குட்டியாக வந்த முதல் வாரம் கத்தும்போதெல்லாம் டார்ச்சும் கம்புமாகப் போய் அடித்து அடக்கியதாகச் சொன்னார். அந்த நாய் படித்த முதல் பாடமே, இரவில் விளக்கோடு வருபவன் அடிப்பான் என்பதுதான். அதன்பின் இரண்டு வருடம் சோறு போட்டும் அந்தப் பாடம் மறக்கவில்லை.

குட்டி ஏன் கத்துகிறது?

தாயிடம் இருந்தவரை அது நான்கைந்து உடன்பிறந்த குட்டிகளோடு ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியலாகப் படுத்துத் தூங்கியது. குளிர் தெரியவில்லை, தனிமையும் தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டையும் இழக்கிறது. குட்டி கத்தினால் தாய் வரும் என்பது பிறவியிலேயே அதற்கு அமைந்த அறிவு. ஆகையால் அது கத்துவது பிடிவாதமுமல்ல, சேட்டையுமல்ல. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியில் வெறும் சிமெண்டுத் தரையில் தனியாகக் கிடக்கும் இரண்டு மாதக் குட்டி வேறென்ன செய்யும்? இதோடு பசி, சிறுநீர் முட்டுதல், வயிற்றுப்பூச்சியால் வரும் வலி ஆகியவையும் சேர்ந்துகொள்வதுண்டு.

கண் திறந்து நாலு எட்டு நடந்தால் போதும் என்று 30 நாள் குட்டியைத் தூக்கி வருவது தவறு. கண் 10 முதல் 14 நாட்களுக்குள் திறந்துவிடும்; அது கணக்கல்ல. பால்குடி மறந்து வேறு தீனிக்கு முழுவதும் பழக ஏழு, எட்டு வாரம் ஆகிறது. அது மட்டுமல்ல, உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தது வீறிடும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. அந்தப் பழக்கம் இல்லாமல் முன்னதாகவே பிரிந்த குட்டி பின்னால் குழந்தைகளின் கையைப் பலமாகக் கவ்வும். எனவே எட்டு வாரம் நிறைந்த குட்டியே உகந்தது. கொடுப்பவர் அவசரப்படுத்தினாலும் பொறுத்திருந்து வாங்கவும்.

குட்டி எடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு பழைய வேட்டித் துண்டைக் கொண்டுபோய்த் தாய் நாய் படுக்கும் இடத்தில் போட்டுவைக்கச் சொல்ல வேண்டும். குட்டியோடு அந்தத் துணியையும் துவைக்காமல் எடுத்து வரவேண்டும். தாயின் வாசனை உள்ள அந்தத் துணி முதல் இரவுகளில் பாதி வேலையைச் செய்துவிடும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆயினும் பத்துப் பேரில் ஒருவர்கூடச் செய்வதில்லை.

குட்டியைக் காலையில் எடுத்து வருவது நல்லது. சாக்கில் கட்டாமல் கூடையில் வைத்து எடுத்து வரவும். பகல் முழுவதும் வீட்டையும் வாசலையும் மனிதர்களையும் மோந்து பார்த்துப் பழகிய குட்டிக்கு இரவு அவ்வளவு அச்சமாக இராது. மாலையில் வந்து இறங்கும் குட்டிக்கு எல்லாமே இருட்டு.

படுக்கை

முதல் பத்து நாட்களுக்குக் குட்டியின் இடம் மோட்டார் கொட்டகையுமல்ல, மாட்டுத் தொழுவமுமல்ல. தொழுவத்தில் மாடு படுத்து எழும்போது மிதிபட்டுச் சாகும் குட்டிகள் உண்டு. வீட்டில் ஒருவர் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில், திண்ணையிலோ நடையிலோ, கைக்கெட்டும் தூரத்தில் அது படுக்க வேண்டும். காவல் நாயை வீட்டுக்குள் படுக்கவைத்தால் செல்லம் மிகுந்து கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சிலர் ஆட்சேபிப்பார்கள். பத்து நாளில் எந்த நாயும் கெட்டுவிடாது. மாறாக, பயந்து வளரும் நாய்தான் காவலுக்கு உதவாது.

தக்காளி வரும் மரப்பெட்டி ஒன்று போதும். ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் அடித்து மடக்கிவிடவும். அடியில் நான்கு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த வைக்கோல் பரப்பி, மேலே சுத்தமான சணல் சாக்கை விரித்து, தாயின் வாசனையுள்ள துணியை அதன்மேல் போடவும். உரமோ, பூச்சிமருந்தோ, மருந்து கலந்த விதையோ இருந்த சாக்கை எக்காரணம் கொண்டும் போடக்கூடாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால் ஈரம் ஏறாது. பனி மிகுந்த இரவில் ஒரு பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். குட்டி சூடு வேண்டுமானால் ஒட்டிப் படுக்கும், வேண்டாவிட்டால் விலகும். அப்படி விலக இடம் இருக்க வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல் மின்விளக்கைப் பெட்டிக்குள் தொங்கவிட வேண்டாம். குட்டி ஒயரைக் கடிக்கும்.

டிக் டிக் என்று ஓடும் கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தால் தாயின் இதயத்துடிப்பு என்று எண்ணிக் குட்டி தூங்கும் என்பது பழைய யோசனை. வைத்தால் தவறில்லை. பக்கத்தில் தூங்கும் மனிதனின் மூச்சுச் சத்தம் அதைவிட மேல் என்பது என் எண்ணம்.

இரவில் கயிறு கட்ட வேண்டாம். கட்டில் காலில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகிவிடும். பெட்டியின் விளிம்பு உயரமாக இருந்தாலோ, சுற்றிலும் ஒரு சிறு படல் வைத்தாலோ போதுமானது.

இரவு நேர நடைமுறை

இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகத் தீனி வேண்டும். கடைசி வேளையை மாலை 7 மணிக்குள் கொடுத்துவிடவும். பசும்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றுவது அன்பல்ல. நாய்ப்பாலைவிடப் பசும்பாலில் பால் சர்க்கரை அதிகம். பல குட்டிகளுக்கு அது கழிச்சலை உண்டாக்கும். குழைந்த சோறும் தயிரும், அல்லது கேழ்வரகுக் கூழில் அவித்த முட்டை பிசைந்ததும் கொடுக்கலாம். முதல் மூன்று நான்கு நாட்களுக்கு அது பிறந்த வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுத்துப் பின்னர் மெல்ல மாற்றவும். சமைத்த கோழி எலும்பு வேண்டாம். சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

இந்த வயதுக் குட்டியால் சுமார் மூன்று மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். வீட்டார் படுக்கப் போகும்போது ஒரு முறை, நள்ளிரவு தாண்டி ஒரு முறை, விடியலில் ஒரு முறை தூக்கிக்கொண்டு போய் வாசலில் ஒரே இடத்தில் விடவும். இறைவைக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து எழுந்திருக்கும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு இது பெரிய சிரமமில்லை. காரியம் முடிந்ததும் பேச்சின்றி, விளையாட்டின்றிப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்.

இடையில் கத்தினால், வெளியே விட்டு அதிக நேரமாகிவிட்டதா என்று முதலில் பார்க்கவும். இல்லையென்றால் படுத்தபடியே கையை நீட்டி அதன் முதுகில் வைத்து, தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்லவும். விளக்குப் போடுவது, தின்னக் கொடுப்பது, மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவது ஆகியவை வேண்டாம். கத்தினால் விருந்து என்று அது கற்றுக்கொள்ளும். அடிப்பது, தண்ணீர் ஊற்றுவது, இருட்டறையில் பூட்டுவது அறவே கூடாது. பெரும்பாலான குட்டிகள் மூன்றாம் அல்லது நான்காம் இரவிலேயே அடங்கிவிடும். சில குட்டிகள் பத்து நாள் எடுத்துக்கொள்ளும்.

ராஜபாளையம் குட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வெள்ளை நாய் இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. குரல் கொடுத்தும் அடங்காது. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். அதை முரட்டுத்தனம் என்று நினைத்துவிடுகிறார்கள். குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே, மற்றக் குட்டிகளிலிருந்து பிரித்துவைத்து, அது பார்க்காத திசையிலிருந்து கைதட்டிப் பார்த்து வாங்கவும்.

கத்தல் எப்போது நோய்?

வயிறு பானைபோல் உப்பியிருந்தால் அநேகமாக உருண்டைப் புழுத் தொல்லை. வந்தவுடன் ஒரு முறையும், மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பூச்சிமருந்து கொடுக்கவும். தீனியைத் தொடாமல் சோர்ந்து, வாந்தியும் துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் கண்டால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் உடனே மருந்தகத்துக்குக் கொண்டுபோகவும். இதற்கும் டிஸ்டம்பர் நோய்க்கும் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை வீதம் 16 வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிக்கு மூன்று மாத வயது நிறைய வேண்டும்.

அதுவரை வீட்டில் பிள்ளைகள் இருப்பதை மறக்கக்கூடாது. குட்டிதானே என்று அலட்சியம் செய்கிறார்கள்; குட்டிக்கும் வெறிநோய் வரும். அதன் பல்லோ நகமோ பட்டுக் கீறினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். மருத்துவர் தடுப்பூசி போடச் சொன்னால் முதல் நாள் ஊசியோடு நிறுத்திவிடாமல் 3, 7, 28 ஆம் நாட்களுக்கும் தவறாமல் போக வேண்டும்.

பத்து இரவு கழிந்து குட்டி நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியதும், இரண்டு நாளைக்கு ஒரு முறை பெட்டியை நான்கைந்து அடி நகர்த்திக்கொண்டே போகலாம்: கட்டிலிலிருந்து நிலைப்படிக்கு, அங்கிருந்து திண்ணை ஓரத்துக்கு, பின் முற்றத்துக்கு. ஆட்டுப்பட்டிக் காவலுக்கு வேண்டுமென்றால் பகலில் பட்டிக்குள் கூடவே அழைத்துச் சென்று ஆடுகளை மோந்து பார்க்க விட்டு, இரவில் பட்டியை ஒட்டிப் படலுக்கு வெளியே பெட்டியை வைக்கவும். கிடா முட்டி ஒரு முறை பயந்துவிட்டால் பட்டிப் பக்கமே வராது. எலிக்கு வைத்த சிங்க் பாஸ்பைடு உருண்டை, குருணை மருந்துப் பொட்டலம் ஆகியவை அந்தச் சுற்றுவட்டத்தில் இல்லையென்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

காட்டுக் கொட்டகையில் தனியாக இரவு விடுவது ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். நரியும் தெருநாய்க் கூட்டமும் குட்டியை விட்டுவைக்காது. சிறுத்தை நடமாட்டமுள்ள மலையடிவாரக் கிராமங்களில் வளர்ந்த நாயைக்கூட இரவில் திறந்த வெளியில் கட்டிப்போடாமல் கதவுள்ள கொட்டகைக்குள் விட வேண்டும். ஆள் அங்கே படுக்கும் நாளில் குட்டியையும் கூட்டிச்சென்று, விடிந்ததும் வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்து பழக்கலாம். அந்த இரவுகளில் டார்ச்சோடு எழுந்து ஒரு சுற்று வரும்போது குட்டியையும் உடன் நடத்திச் செல்லவும்.