நானோ துகள்கள்: டென்மார்க் வைத்த ஐந்து புள்ளிகள்

நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொல்வதற்காகக் காலுறைகளில் வெள்ளி நானோ துகள் சேர்க்கிறார்கள். நானோ அளவு என்றால் 1 முதல் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்று ஒரு நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகும். வேதிவினை மேற்பரப்பில்தான் நடக்கிறது என்பதால், வெள்ளி அயனிகளும் வேகமாகக் கரைந்து வெளியேறுகின்றன. பாக்டீரியாவைக் கொல்லும் அதே அயனிதான் குளத்துப் பாசிக்கும் நீர்ப்பேனுக்கும் நஞ்சு.

துவைத்த தண்ணீரோடு போகும் வெள்ளி, சுத்திகரிப்பு நிலையத்தில் கந்தகத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத வெள்ளி சல்பைடாக மாறிவிடுகிறது. ஆற்றுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அது கசடில் தங்கிவிடும். டென்மார்க்கில் கசடின் பெரும்பகுதி வயலுக்கு உரமாகிறது. ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்புழுவைத் தேடிப் போனதில் வியப்பில்லை. ஐசீனியா ஃபெட்டிடா என்ற மண்புழுவின் நோய் எதிர்ப்பு செல்களையும் மனித செல்களையும் வெள்ளி நானோ துகளோடு வைத்துப் பார்த்தபோது, இரண்டும் பல விதங்களில் ஒரே மாதிரி அழுத்தம் காட்டின.

லிங்பியில் உள்ள டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் பௌன் குழுவினர் பாசியையும் நீர்ப்பேனையும் கொண்டு சோதித்தார்கள். அங்கே சோதனை முறையே சிக்கலானது. கரையும் வேதிப்பொருளுக்காக வகுத்த முறை அது. நானோ துகளோ தண்ணீரில் திரண்டு அடியில் படியும், பாசிமேல் ஒட்டும், வெளிச்சத்தை மறைக்கும். உயிரிக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று சொல்வது கடினம். இன்னொரு சங்கடமும் உண்டு. சி60 என்ற கரிமத் துகள் உடனிருந்தபோது ஃபினாந்த்ரீன் என்ற மாசின் நச்சு கூடியது. பென்டாகுளோரோஃபீனாலின் நச்சோ குறைந்தது. துகளைத் தனியாகச் சோதித்தால் இது தெரியவே வராது.

துகள் மனித உடலுக்குள் போகும் முதன்மையான வழி மூச்சு. கோபன்ஹேகனில் உள்ள தேசியப் பணிச்சூழல் ஆய்வு மையத்தில் உல்லா வோகல் குழுவினர் எலிகளின் நுரையீரலில் டைட்டானியம் டை ஆக்சைடையும் கரிம நானோ குழாய்களையும் செலுத்திப் பார்த்தார்கள். அழற்சி உண்டானது, இதய நோயோடு தொடர்புடைய சீரம் அமிலாய்டு ஏ புரதமும் உயர்ந்தது. அழற்சியின் அளவு துகளின் எடையைவிட மொத்த மேற்பரப்பையே அதிகம் சார்ந்திருந்தது. பணியிடக் காற்றுக்கு மில்லிகிராமில் மட்டும் வரம்பு வைப்பது போதாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

கடைக்குப் போகும் மக்களுக்காக, நானோ துகள் கலந்த பொருள்களைப் பற்றிய ஒரு தரவுத்தளம் டென்மார்க்கில் 2012இல் வந்தது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து வண்ணப் புள்ளிகள்: தொழிலாளர், நுகர்வோர், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றின்மீதும் துகள் படும் வாய்ப்புக்கு மூன்று, மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள தீங்குக்கு இரண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லோருக்கும் புரியும். சாம்பல் என்றால் போதிய தரவு இல்லை. கவனிக்க வேண்டியது சாம்பலைத்தான். பாதிக்கும் மேற்பட்ட பொருள்களில் இருப்பது எந்த நானோ பொருள் என்பதையே கண்டறிய முடியவில்லை.

இந்தத் தகவல் இடைவெளியை நிரப்ப டென்மார்க் அரசு 2014இல் நானோ பொருள்களுக்கான கட்டாயப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. முதல் விவரங்களைத் தரக் கடைசி நாள் 30 ஆகஸ்ட் 2015. உணவு, மருந்து, அழகுசாதனம் மூன்றுக்கும் அதில் விலக்கு. வேறு சட்டங்கள் அவற்றைக் கவனிக்கும் என்பது சமாதானம். ஆனால் வாய்க்கும் தோலுக்கும் மிக அருகே வருபவை இவைதாம். அந்த வேறு சட்டங்களும் மெதுவாகவே நகர்கின்றன. நானோ துகள்களும் கலந்த ஈ171 என்னும் டைட்டானியம் டை ஆக்சைடு வெண்நிறமியை, மரபணுவைப் பாதிக்காது என்று உறுதிசெய்ய முடியாத காரணத்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் தடை செய்தது. மாத்திரைகளில் அதற்கு இன்னும் அனுமதி உண்டு.