சின்னவர்களுக்கும் ஒரு மன்றம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

நான் நான்காம் வகுப்பில், வேறொரு பள்ளியில், வகுப்புத் தலைவியாக இருந்தேன். ஆசிரியை வெளியே சென்றதும் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி, அதன் கீழே தோழியரின் பெயர்களை வரிசையாக எழுதுவதே என் வேலை. ஆசிரியையின் சொல்லைப் பிள்ளைகளிடம் சேர்த்தேன். பிள்ளைகளின் சொல்லை ஆசிரியையிடம் கொண்டு செல்ல வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்த இரண்டாவது வேலைக்காக ஏற்பட்டதுதான் தொடக்கப்பள்ளி மாணவர் மன்றம். மன்றம் என்றதும் நமக்குப் பேச்சுப் போட்டியும் நடனமும் நினைவுக்கு வரும். நான் கூறுவது அதுவன்று. பள்ளியைப் பற்றிப் பிள்ளைகள் தம் கருத்தைச் சொல்லும் சபை இது.

ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும். குழந்தை சொன்னதெல்லாம் நடக்க வேண்டுமென்று அது கூறவில்லை. இந்தியாவும் 1992-இல் இதனை ஏற்றுக்கொண்டது.

இதனைச் சட்டமாகவே செய்த நாடு வேல்ஸ். அங்கே 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, அரசு நிதியில் நடைபெறும் தொடக்கப்பள்ளிகளில் மாணவர் மன்றம் இருந்தே ஆக வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள், அதாவது ஏழெட்டு வயதினர் முதற்கொண்டு, ஒவ்வோர் ஆண்டினருக்கும் மன்றத்தில் இடம் உண்டு. இரகசிய வாக்கெடுப்பின் மூலமே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஆறு முறையேனும் மன்றம் கூட வேண்டும்.

தேர்தல் நம் கண்ணைக் கவருகிறது. ஆனால் அவ்விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மன்றம் தெரிவிக்கும் எந்த விஷயத்தையும் தலைமையாசிரியரும் பள்ளி நிர்வாகக் குழுவும் ஆராய்ந்து, மறுமொழி தந்தாக வேண்டும்! மைதானம் முழுவதையும் பெரிய பிள்ளைகளே பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு சிறுவன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் அதை மன்றத்தில் வைக்கிறாள், கூட்டக் குறிப்பில் ஏறுகிறது, மேலே செல்கிறது. “வாரத்தில் இரண்டு நாள் சின்னவர்களுக்கு” என்று விடை வரலாம். “இப்போது இயலாது, காரணம் இது” என்றும் வரலாம். அதுவும் விடைதானே? தன் சொல் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரிகிறது. விடையே வராத மன்றத்தில் அடுத்த முறை அவன் வாய் திறக்க மாட்டான்.

குறையும் நேரலாம். நன்றாகப் பேசுகிறவளையே நாம் தேர்ந்தெடுப்போம். பேசாத பிள்ளையின் குறையை அவள் அறிவாளா? ஆகையால் கூட்டத்துக்கு முன் உறுப்பினர் வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். கூச்சமுள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டியும் வேண்டும் என்பது என் எண்ணம்.

இது அயல்நாட்டாருக்கே ஏற்றது என்று எண்ண வேண்டாம். ராஜஸ்தானத்தில் திலோனியா என்னும் கிராமத்தைச் சுற்றி, பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் ஏற்பட்டன. அப்பிள்ளைகளே வாக்களித்துச் சிறுவர் நாடாளுமன்றம் அமைத்தார்கள். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். ஆடு மேய்த்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதன் பிரதம மந்திரியாகவும் இருந்திருக்கிறாள்.

அவளைப் பற்றி அறிந்தபோது என் நான்காம் வகுப்பை நினைத்துக்கொண்டேன். அங்கே எங்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் பல சிறுமியர் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி. கையில் சுண்ணக்கட்டியுடன் தினமும் ஆசிரியையின் முன் நின்றேன். ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறிய அன்றும் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.